பெயிண்ட் பார்க்கணும்

மார்ச் 4

மாப்பிள்ளைக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். நலமாக என்று எழுத மனம் வரவில்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

சொல்லாமல் கிளம்பியது தப்புதான். நீங்கள் எழுந்து வந்தால் உங்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியாமல் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டேன். நேற்று மகள் போன் செய்தாள். உங்களிடம் கொடுக்கச் சொன்னேன். நீங்கள் குளிப்பதாகச் சொன்னாள். சாயங்காலம் மறுபடி கேட்டேன். அப்போதும் குளிப்பதாகச் சொன்னாள். ஒரே நாளில் இத்தனை குளியல் உடம்புக்கு ஆகாதே என்று கடிதமாகவே எழுதுகிறேன்.

என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கவே இல்லை. அன்றைக்குக் கத்திய கத்தலில் கேட்க எங்கே நேரம்? நானே சொல்கிறேன். உங்கள் வீட்டு பால்கனிக் கம்பிக்கு அடித்த சிவப்பு பெயிண்ட் கொஞ்சம் மீந்திருந்தது. மீந்த பெயிண்டைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. "அசையாம நின்னா எனக்கும் ஒரு கோட்டு அடிச்சிருவாரு" என்று உங்கள் அத்தை ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அந்த நேரம் பார்த்து உங்கள் மேஜைமேல் அந்த ரோபோ பொம்மை நின்றது. காலில் ஒரு சீட்டு கட்டியிருந்தது. உங்கள் கையெழுத்துதான். "இடது கை, முழங்கால். பெயிண்ட் பார்க்கணும்."

நான் மருந்துக் கடையில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுத்தே காலத்தை ஓட்டியவன். சீட்டில் இருந்தால் செய்துவிடுவேன், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் குழாய் பார்க்கணும் என்றால் குழாயைச் சரி செய்யணும் என்று அர்த்தம். கதவு பார்க்கணும் என்றால் கதவை இழைக்கணும். பெயிண்ட் பார்க்கணும் என்றால் லென்ஸ் வைத்து உற்றுப் பார்த்துவிட்டுத் தொடாமல் வைத்துவிடணும் என்று எனக்கு எப்படித் தெரியும்? மனுஷன் ஓய்வில்லாமல் உழைக்கிறாரே, இந்தச் சின்ன வேலையையாவது முடித்து வைப்போம் என்று நினைத்தேன். இடது கைக்கு அடித்ததும் வலது கை மங்கலாகத் தெரிந்தது. அதற்கும் அடித்தேன். அப்புறம் மார்பு அழுக்காகத் தெரிந்தது. இப்படியே முழுவதும் போய்விட்டது. கண்ணுக்கு மட்டும் மகளுடைய வெள்ளி நிற நகப்பூச்சு.

காய்ந்ததும் தள்ளி நின்று பார்த்தேன். எனக்கு ரொம்ப நன்றாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

"உங்களை யாரு தொடச் சொன்னது?" என்று கேட்டீர்கள். "நீங்கதானே எழுதி வெச்சிருந்தீங்க" என்றேன். "நான் ஒண்ணும் எழுதலை" என்றீர்கள். மகளும் பக்கத்து வீட்டுக்காரரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் வாதாடாமல் பெயிண்ட் டப்பாவை மூடி எடுத்து வைத்தேன். வயசாகிவிட்டது. கண் ஏமாற்றியிருந்தாலும் இருக்கும்.

லென்ஸ் வைத்துப் பார்க்க மட்டும் கொடுத்த அடுத்தவர் பொருள் என்று கத்தினீர்களே, அந்தப் பொம்மை யாருடையது? அவர்களிடம் நானே வந்து நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன். விலாசம் மட்டும் எழுதுங்கள்.

மாமா


மார்ச் 15

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. வேலை அதிகம், அதனால்தான் போனில் பேச முடியவில்லை. குளியல் விஷயத்தை உங்கள் மகளிடம் படித்துக் காட்டினேன். சிரித்தாள், ஆனால் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

என் வேலை என்னவென்று உங்களுக்கு ஒருபோதும் சரியாகச் சொன்னதில்லை. கல்யாணப் பேச்சின்போது "பழைய பொருட்களை மதிப்பிடுகிறார்" என்றார்கள். நீங்கள் நகை என்று நினைத்துக்கொண்டீர்கள். நாங்களும் திருத்தவில்லை. நான் பார்ப்பது பொம்மை. முக்கியமாக இந்த மாதிரி, ரோபோவாக நிற்பதை மடக்கினால் லாரியாக மாறும் பழைய பொம்மைகள். இவற்றைச் சேர்க்கிறவர்களுக்கு முதல் கேள்வியே பூச்சுதான். தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் அப்படியே இருக்கிறதா, இல்லை பிற்பாடு யாராவது பூசினார்களா? கீறல் இருந்தால் பரவாயில்லை, மங்கியிருந்தால் பரவாயில்லை. மேலே புதுசாகப் பூசியிருந்தால் போயிற்று. சுரண்டி எடுக்கவும் முடியாது, அடியில் இருப்பதும் சேர்ந்து வந்துவிடும்.

பூசியதைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. ரோபோவாக நிற்கும்போது வெளியே தெரிகிற இடத்தைத்தான் எல்லோரும் பூசுவார்கள். மடக்கி லாரியாக்கினால், தொடைக்கு உள்ளே, முதுகுக்கு அடியில் ஒளிந்திருந்த பழைய சிவப்பு வெளியே வந்துவிடும். இரண்டு சிவப்பும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். நீங்கள் அடித்ததை மடக்கியபோது முழங்கால் மூட்டில் ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது.

இனி நீங்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நான் சமாளித்துவிட்டேன். பொம்மை ஒரு தையல் கடைக்கார அம்மாவுடையது. அவருடைய தம்பி சின்ன வயதிலிருந்து பத்திரமாக வைத்திருந்து, விற்றுக்கொள்ளட்டும் என்று அக்காவுக்குக் கொடுத்தது. பெட்டியைத் தம்பியே கட்டி ஒட்டி, மதிப்பிடுகிற எங்கள் கடையில்தான் திறக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த அம்மா உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்ததே இல்லை. அது நமக்கு நல்லதாகப் போயிற்று. பெயிண்ட் வாசனை போகும்வரை மாடியில் வைத்திருந்தேன். பிறகு அறிக்கையில், "பல வருடங்களுக்கு முன்பே மறுபூச்சு செய்யப்பட்டுள்ளது" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அவர் படித்துவிட்டு, "எங்க தம்பி ஒரு விரல்கூட படலைன்னு சொன்னானே சார்" என்றார். நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் பேர் எங்கேயும் வரவில்லை. உங்களுக்குத் தலைகுனிவு வரக்கூடாது என்றுதான் இப்படிச் செய்தேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. நீங்களும் அத்தையிடம் சொல்ல வேண்டாம்.

மாப்பிள்ளை


மார்ச் 19

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். இறங்கவில்லை. உங்கள் அத்தை என்னவென்று கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன். மருந்துக் கடையில் இருந்தவன் பொய் சொன்னால்கூட வியாதியாகத்தான் வருகிறது.

நீங்கள் பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் என்னைத் திட்டினீர்கள். அது எனக்கு வலித்தது, ஆனால் பொறுத்துக்கொண்டேன். என் மகளைக் கட்டியவர், என் தப்பு, என் தலையெழுத்து. ஆனால் இதை என்னால் விழுங்க முடியவில்லை. கை என்னுடையது, பிரஷ் என்னுடையது. பழி மட்டும் முகம் தெரியாத ஒரு மனுஷன் தலையிலா? அவர் இத்தனை வருஷம் ஒரு விரல் படாமல் வைத்திருந்தாராமே! நான் வந்து ஒரே மத்தியானத்தில் நாசம் பண்ணினேன். அதற்கு மேல் அவரைப் பொய்யனும் ஆக்கிவிட்டோம். "நமக்கு நல்லதாகப் போயிற்று" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த "நமக்கு" என்பதில் என்னை ஏன் மாப்பிள்ளை சேர்த்தீர்கள்?

எனக்குத் தலைகுனிவு வரக்கூடாது என்று செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். என் தலை குனிந்தால் குனிந்துவிட்டுப் போகிறது. இந்த வயசில் கழுத்து ஏற்கெனவே பாதி குனிந்துதான் கிடக்கிறது. உண்மையில் யாருக்குப் பயந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். கடைப் பொருளை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று உங்கள் முதலாளி சொல்லியிருப்பதாக மகள் எப்போதோ சொன்னாள். வேலை போய்விடும் என்று பயந்திருக்கிறீர்கள். பயப்படுவது தப்பில்லை, குடும்பஸ்தன் பயப்படத்தான் செய்வான். அதை என் பேரில் எழுதாதீர்கள்.

ஒன்று செய்யுங்கள். மாமனார் கடைக்கு வந்தார், நான் அந்தப் பக்கம் போனபோது சொல்லாமல் எடுத்துப் பூசிவிட்டார், கிறுக்கு மனுஷன் என்று எழுதிக் கொடுங்கள். நான் கையெழுத்துப் போடுகிறேன். உங்கள் வேலையும் இருக்கும், அந்தத் தம்பி பேரும் இருக்கும். எனக்குக் கிறுக்கன் என்ற பேர் வந்தால் உங்கள் அத்தைக்குத்தான் ஆச்சரியம் இருக்காது.

மாமா


மார்ச் 27

மாமாவுக்கு,

உங்களுக்கு என்ன, ஊரில் உட்கார்ந்துகொண்டு நியாயம் பேசிவிடலாம். இங்கே தினமும் அந்தக் கடையில் போய் நிற்கிறவன் நான். கடையில் கேமரா இருக்கிறது. நீங்கள் வந்து பூசினீர்கள் என்றால் முதலாளி ஒரு நிமிஷத்தில் ஓட்டிப் பார்த்துவிடுவார். உங்கள் யோசனை நல்ல மனசோடு சொன்னது, ஆனால் உதவாது. உங்கள் பெயிண்ட் மாதிரிதான்.

இந்தக் கடைசி வரியை அடித்துவிட நினைத்தேன். இருக்கட்டும். நான் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்கும் தெரியட்டும்.

திங்கட்கிழமை அந்த அம்மா கடைக்கு வந்தார். பொம்மையை எடுத்துப் போகத்தான் வருகிறார் என்று பெட்டியைக் கட்டி வைத்திருந்தேன். அவர் பையிலிருந்து அழைப்பிதழை எடுத்தார். அவருடைய மகளுக்குக் கல்யாணம். "நீங்க அவசியம் வரணும் சார். நீங்க சொல்லலைன்னா இவ்வளவு நாளும் மாதிரியே அவனை நம்பிக்கிட்டு இருந்திருப்பேன்" என்றார். தம்பியைக் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லையாம். "போன்ல இன்னமும் சத்தியம் பண்றான். தப்புப் பண்ணினதைக்கூட மன்னிச்சிடலாம், சத்தியம் பண்றான் பாருங்க, அதைத்தான் தாங்க முடியலை. நான் தூக்கி வளர்த்தவன் சார்" என்றார்.

நான் அழைப்பிதழை வாங்கிக்கொண்டேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு "கண்டிப்பா வரேம்மா" என்று வேறு சொன்னேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பொம்மைப் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன். "எனக்கு எதுக்கு? குப்பையில போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சீட்டை எழுதியது நான்தான். உங்கள் கண் ஏமாற்றவில்லை. எங்கள் தொழிலில் பார்க்கணும் என்றால் பார்க்கணும், அவ்வளவுதான். உங்களுக்கு அப்படிப் புரியும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. உறைத்த அதே நிமிஷம்தான் "நான் ஒண்ணும் எழுதலை" என்று கத்தினேன். நீங்கள் ஊருக்குப் போன பிறகு சீட்டைக் கிழித்துப் போட்டேன். உங்களுக்கு வயசாகிவிட்டது, கண் தெரியவில்லை என்று உங்கள் மகள் கண் டாக்டரைத் தேடிக்கொண்டிருக்கிறாள். நான் நம்பர் கொடுத்தேன்.

அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லத் தைரியம் வரவில்லை மாமா. கடைத் தெருவில் அவர் கடை இருக்கிற பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன்.

மாப்பிள்ளை


மார்ச் 30

மாப்பிள்ளைக்கு,

வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். உங்கள் வீட்டுக்கு வரவில்லை. நேராகத் தையல் கடைக்குத்தான். கடைத் தெருவில் விசாரித்தால் சொல்ல மாட்டார்களா என்ன?

நான்தான் பெயிண்ட் அடித்தேன், தம்பி அடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். உங்கள் பேரை எடுக்க மாட்டேன். ஆனால் ஒரு இடத்தில் இடிக்கிறது. பொம்மை என் கைக்கு எப்படி வந்தது என்று அந்த அம்மா கேட்பாள். தையல்காரி, அளவு தப்பினால் உடனே தெரியும். அதற்கு என்ன சொல்வது? நானும் நடந்துகொண்டே யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் பொருந்தி வரவில்லை. பொய் எனக்கு வயிற்றுவலியைத் தாண்டிப் போவதில்லை. நீங்கள் படித்தவர், ஏதாவது ஒன்றை யோசித்து எழுதி அனுப்புங்கள். உங்கள் வேலைக்குப் பங்கம் வராத மாதிரி இருக்கட்டும். பஸ்ஸில் மனப்பாடம் பண்ணிக்கொள்கிறேன்.

சீட்டு விஷயம் படித்தேன். கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று தெரிந்ததில் ஒரு நிம்மதி.

மாமா


ஏப்ரல் 2

மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை உங்கள் ஊருக்கு வருகிற பஸ் டிரைவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். நீங்கள் கிளம்புவதற்குள் கிடைத்துவிட வேண்டும்.

நீங்கள் கேட்ட பொய்யை எழுத உட்கார்ந்தேன். உடனே வந்துவிட்டது. நான்கு வரியில், எந்த ஓட்டையும் இல்லாமல். எழுதி முடித்துவிட்டு, இதை ஒரு மனுஷன் பஸ்ஸில் வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வரப் போகிறார், என் மாமனார், என்று நினைத்தேன். அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்து தையல் கடைக்குப் போய்விட்டேன்.

அந்த அம்மா மிஷினில் இருந்தார். மகளுடைய கல்யாணத் துணி. "வாங்க சார், உக்காருங்க" என்றார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். வீட்டுக்குக் கொண்டுபோனது, சீட்டு, நீங்கள் பூசியது, நான் வாசனை போக மாடியில் வைத்தது, அறிக்கை, எல்லாம். வழியில் அழகாகக் கோத்து வைத்திருந்தேன், அங்கே எல்லாம் முன்னும் பின்னுமாக வந்தது. உங்கள் பேரை எடுக்காமல் சொல்ல முடியவில்லை. ஆனால் தப்பு உங்களுடையது என்று சொல்லவில்லை. மிஷின் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"முந்தாநாள் அவன் போன் பண்ணினான் சார்" என்றார். "'ஆமாக்கா, நான்தான் பெயிண்ட் அடிச்சேன், மறைச்சிட்டேன், மன்னிச்சிடு. கல்யாணத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிடு'ன்னு அழுதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'இப்பவாவது ஒத்துக்கிட்டியே'ன்னேன்."

மாமா, அந்த அம்மா துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். பிறகு சட்டென்று துணியில் ஈரம் பட்டுவிட்டதே என்று உதறினார். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்று இருந்தது.

அங்கிருந்து கடைக்குப் போய் முதலாளியிடமும் சொன்னேன். கடைச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். வீட்டில் உங்கள் மகளிடம், சீட்டு என் கையெழுத்துதான் என்று சொன்னேன். சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன். அவர் "விடுங்க சார், பெரியவங்களுக்குக் கண்ணு அப்படித்தான்" என்று ஆறுதல் சொன்னார். இல்லை, அவர் கண் நன்றாக இருக்கிறது என்று மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று.

நீங்கள் டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம். வீட்டுக்கு வாருங்கள். உங்கள் முன்னால் நிற்க எனக்கு வெட்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் வாருங்கள்.

தையல் கடையில் நடந்ததில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். அதை எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. கிளம்பப் போன என்னை அந்த அம்மா நிறுத்தினார். தம்பிக்குப் போன் போட்டு என் கையில் திணித்தார். "நீங்களே சொல்லுங்க. அவன்கிட்ட பேச எனக்கு மூஞ்சி இல்லை" என்றார்.

சொன்னேன். அந்தத் தம்பி, "சார், அப்ப நான் அடிக்கலைதானே?" என்று கேட்டார்.

"நீங்க அடிக்கலை."

"இல்லை சார், லென்ஸ் வெச்சுப் பார்த்து எழுதிக் கொடுத்திருக்காங்கன்னு அக்கா சொன்னா. அவ்வளவு பெரிய கடையில தப்பாவா சொல்லுவாங்க? அப்ப சின்ன வயசுல நான்தான் எப்பவோ அடிச்சிட்டு மறந்துட்டேன் போலன்னு நெனச்சேன். நெனச்சு நெனச்சுப் பார்த்ததுல எங்க வீட்டுல ஒரு சிவப்பு பெயிண்ட் டப்பா இருந்த மாதிரிகூட ஞாபகம் வந்திடுச்சு சார்."

"இல்லைங்க. நீங்க ஒரு விரல்கூட படலை."

"அக்கா பக்கத்துல இருக்காளா?"

"இருக்காங்க."

"அவ காதுல விழற மாதிரி இன்னொரு தடவை சொல்லுங்க சார்."

சொன்னேன்.

மாப்பிள்ளை